முத்திரையும் நடத்தையும்: டெல்லித் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்லியில் ஒரு பள்ளியில் உளவியல் நடத்துகிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து வராந்தாவில் நிற்கும்போதும், ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கும்போதும் தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு வருகின்றன. மதராசி என்ற அழைப்பு, பிள்ளையின் வெட்கம், சாதி, இந்தி, ஆபீஸ் பேச்சு. ஒரே இடத்தில் எழுதி வையுங்கள் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவருடைய சுபாவம் என்று நாம் பேர் வைப்பதில் பெரும்பங்கு, எதிரே இருப்பவர் அவரை நடத்தும் விதத்துக்கு அவர் காட்டும் எதிர்வினை. நடத்தும் விதத்தை மாற்றலாம். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை அக்கறை.

“மதராசின்னு கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க டீச்சர். காதுல வாங்காம இருந்தா போதாதா?”

வெறும் வாய்வார்த்தை என்றால் போதும். முத்திரை, அதாவது ஒரு கூட்டத்தார் இப்படித்தான் என்று முன்கூட்டியே குத்தி வைத்த எண்ணம், வாயோடு நிற்பதில்லை. உட்காரும் தூரத்தில், காத்திருக்கும் நேரத்தில், பார்வையில் அது வேலை செய்கிறது.

1974-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேர்ட், ஸான்னா, கூப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் வெள்ளையின மாணவர்களை நேர்முகத் தேர்வு நடத்தச் சொன்னார்கள். வந்தவர் கறுப்பினத்தவராக இருந்தால் தேர்வாளர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார், பேச்சில் அதிகம் தடுமாறினார், சீக்கிரம் முடித்துக்கொண்டார். அடுத்த கட்டம்தான் முக்கியம். பயிற்சி கொடுக்கப்பட்ட தேர்வாளர்கள் அதே தூரத்தையும் தடுமாற்றத்தையும் அவசரத்தையும் வெள்ளையின விண்ணப்பதாரர்கள் சிலரிடம் காட்டினார்கள். அவர்களும் சொதப்பினார்கள். பதற்றம் கூடியது, பதில்கள் சரியாக வரவில்லை, அவர்களும் தள்ளியே உட்கார்ந்தார்கள். முதல் கட்டத்தைப் பார்க்காத ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் “இந்த ஆளுக்குத் திறமை போதாது” என்றுதான் எழுதியிருப்பார்.

இதையே நம் ஊர் வகுப்பறையில் பாருங்கள். சேலத்திலிருந்து ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். ஆசிரியை இந்தியில் கேள்வி கேட்கிறார். மற்றப் பிள்ளைகள் யோசித்தால் அவர் காத்திருக்கிறார், கண்ணால் எடுத்துக்கொடுக்கிறார். இவன் வாயைத் திறப்பதற்குள் “சலோ, நெக்ஸ்ட்.” இவனுக்கு இந்தி வராது என்பது அவர் நினைப்பு, பாவம், சங்கடப்படுத்த வேண்டாமே என்ற நல்லெண்ணமும் கூடவே இருக்கிறது. தீபாவளி விடுமுறை வருவதற்குள் அவன் கை தூக்குவதை நிறுத்திவிட்டான். “அமைதியான பையன்” என்று ரிப்போர்ட் கார்டில் வந்தது. வீட்டில் அவன் வாய் ஓயாது என்று அவன் அம்மா சொன்னபோது ஆசிரியை நம்பவே இல்லை.

“குழு மனப்பான்மை வர்றதுக்குப் பழைய பகையோ சண்டையோ வேணும் இல்லையா?”

வேண்டியதில்லை. இதைக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தபோது ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போலந்து யூதர் என்பதை மறைத்து உயிர்தப்பினார். போர் முடிந்து வந்தபோது அவருடைய குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை. எந்தக் குழுவில் சேர்த்து எண்ணப்படுகிறோம் என்பதில் உயிரே அடங்கியிருந்ததைப் பார்த்தவர், பிறகு இங்கிலாந்தில் இதே கேள்வியை ஆராய உட்கார்ந்தார்.

1970-இல் வெளியான அவருடைய சோதனையில் இருந்தவர்கள் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்கள், 14, 15 வயது. பால் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்று கேட்டு அவர்களை இரண்டாகப் பிரித்தார். பிரித்தது உண்மையில் குருட்டாம்போக்கில். தான் எந்தக் குழு என்பது மட்டும் பையனுக்குத் தெரியும், மற்றவர்கள் பெயரில்லாமல் வெறும் எண்ணாகவும் குழுவாகவும்தான் தெரிந்தார்கள்; ஒருவரோடு ஒருவர் பேசவில்லை; தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. மற்றவர்களுக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும், அவ்வளவுதான். பையன்கள் தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். என்னை இன்றும் உறுத்துவது வேறு: தங்கள் குழுவுக்கு இன்னும் அதிகம் கிடைக்கும் வழி இருந்தும், எதிர்க்குழுவை முந்த வேண்டும் என்பதற்காகக் குறைவான புள்ளியை ஏற்றுக்கொண்டார்கள். நமக்கு நல்லது நடப்பதைவிட அவர்களைவிட ஒரு படி மேலே நிற்பது பெரிதாகிவிட்டது.

அதுவும் முன்பின் கேள்விப்படாத இரண்டு ஓவியர்களின் பெயரால். மொழி, மதம், சாதி, மாநிலம் என்று நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்த வேர்கள் இருந்தால் எப்படி இருக்கும்!

“ஆனா திறமைங்கறது உள்ள இருக்கறதுதானே? சாதியைச் சொன்னதும் கணக்கு மறந்துபோயிடுமா?”

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் 642 பள்ளிப் பையன்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். சரிபாதி உயர்த்திக்கொண்ட சாதிகள், சரிபாதி ஒடுக்கப்பட்ட சாதிகள். வேலை, காகிதத்தில் இருக்கும் புதிர்ப்பாதைகளில் வழி கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு.

சாதியை யாரும் பேசாத குழுக்களில் இரண்டு பிரிவுப் பையன்களும் ஒரே அளவு புதிர்களை விடுவித்தார்கள். இன்னொரு வகைக் குழுவில், ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்து, சரிதானா என்று கேட்டார்கள். பையன் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். புதிரும் அதேதான், காசும் அதேதான். இப்போது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் விடுவித்த எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. இடைவெளி ஒன்று திடீரென்று முளைத்தது.

ஏன் விழுந்தது? அதற்கும் ஒரு தடயம் கிடைத்தது. யாருக்குக் காசு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம் என்று ஒரு விதியைச் சேர்த்தபோது, சாதியை வாசித்த பிறகும் இடைவெளி மறைந்துவிட்டது. சீட்டுக்குச் சாதி தெரியாது. மனிதர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில், “எப்படியும் நமக்கு நியாயமாகக் கொடுக்கப்போவதில்லை” என்ற அவநம்பிக்கைதான் பையன்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அவநம்பிக்கை மூளைக்கோளாறு இல்லை, பல தலைமுறை அனுபவம். “இவ்வளவு சலுகை கொடுத்தும் முயற்சி செய்யறதில்லை” என்று டிராயிங் ரூமில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன். முயற்சி என்பது, முயன்றால் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் பிள்ளை.

“பள்ளியில் ‘பூரா நாம்’ கேட்கிறார்கள். எங்களுக்குத்தான் குடும்பப் பெயர் இல்லையே. என்ன எழுதுவது?”

அப்பா பெயரையோ இனிஷியலையோ எழுதுங்கள். சாதிப் பெயரைத் தேடி எடுத்து ஒட்டாதீர்கள். டெல்லியில் முழுப் பெயர் கேட்பவர்கள் எல்லோரும் சாதியை மோப்பம் பிடிப்பவர்கள் என்று சொல்ல மாட்டேன். படிவத்தில் கட்டம் இருக்கிறது, நிரப்பச் சொல்கிறார்கள். ஆனால் வடக்கே குடும்பப் பெயர் பெரும்பாலும் சாதியைச் சொல்லிவிடும். மேலே சொன்ன சோதனையில் உரக்க வாசித்தார்களே, அது இங்கே தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நடக்கிறது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. நம் தாத்தாக்களில் பலர் விட்டார்கள். டெல்லிக்கு வந்ததும் படிவத்துக்காக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயரில் இல்லாவிட்டாலும் நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். “சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது? அசைவம் உண்டா?” என்று நாலே கேள்வி, நாற்காலியில் சாய்ந்தபடி, சிரித்த முகத்தோடு. கேட்கிறவருக்கு அது நலம் விசாரிப்பு. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு முதுகை நிமிர்த்திக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள்.

“தமிழ்ப் பிள்ளைங்கன்னா கணக்குல புலின்னு சொல்றாங்க. அது நல்ல முத்திரைதானே?”

புலியாக இருக்கும் பிள்ளைக்கு நல்லது. மற்றப் பிள்ளைக்கு அது ஒரு சுமை. அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினரைப் பற்றி இதே பேச்சு உண்டு. 2000-இல் செரியன், போடன்ஹவுசன் என்ற இருவர் அங்குள்ள ஆசிய வம்சாவளிப் பெண்களிடம், ஆசியர் என்ற அடையாளத்தை வெளிப்படையாக நினைவூட்டிவிட்டுக் கணக்குப் போடச் சொன்னபோது, கவனம் சிதறி மதிப்பெண் குறைந்தது. எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இடைஞ்சலாகிவிட்டது.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 58 வாங்கிய ஒரு தமிழ்ப் பெண்ணிடம் தோழிகள் “நீ நிஜமாவே சவுத் இண்டியனா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவளுக்கு வரலாறு அவ்வளவு பிடிக்கும். பதினொன்றாம் வகுப்பில் கணக்கைத்தான் எடுத்தாள்.

“மெட்ரோவில் போன்ல தமிழ் பேசினா, ‘அம்மா, மெதுவா’ன்னு என் மகள் கையைப் பிடிச்சு அழுத்தறா. தமிழை வெறுக்கிறாளா?”

இல்லை. குழுவின் மதிப்பு குறைவாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் எடுக்கும் வழிகளைத் தாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் 1979-இல் எழுதினார்கள். குழுவை விட்டு நழுவி மேலே உள்ள குழுவோடு கலந்துவிடுவது ஒரு வழி. அளவுகோலையே மாற்றுவது இன்னொன்று: “அவங்களுக்குப் பணம், நமக்குப் படிப்பு.” ஒன்றுசேர்ந்து அந்த மேல் கீழையே எதிர்ப்பது மூன்றாவது. டெல்லித் தமிழர்களிடம் மூன்றையும் பார்க்கலாம். உங்கள் மகள் முதல் வழியில் நிற்கிறாள். ஆரவாரமில்லாமல் தனியாகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் பதின்வயதில் அதுதான் முதலில் கைக்கு வரும்.

“தமிழச்சியா இருந்துட்டு வெட்கப்படறியா?” என்று திட்டினால் இரண்டு பக்கமும் இடி. வகுப்பில் மதராசி, வீட்டில் துரோகி. அதற்குப் பதில் தமிழ் பேசினால் மதிப்புக் கூடும் ஓர் இடத்தை அவளுக்குக் கொடுங்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கூச்சத்தை நான் குறைவாகவே பார்க்கிறேன்; சுற்றிலும் தமிழ் பேசும் அண்ணன் அக்காக்கள் இருக்கிறார்கள், அதில் கெட்டிக்காரர்களும் உண்டு, சேட்டைக்காரர்களும் உண்டு, கபடி ஆடுபவர்களும் உண்டு. தமிழர் என்றால் ஒரே அச்சு இல்லை என்பது கண்முன்னால் தெரிகிறது. அந்தப் பள்ளி அருகில் இல்லையென்றால், தமிழ்ச் சங்கப் போட்டிகளுக்கோ பொங்கல் விழாவுக்கோ அழைத்துப்போங்கள். ஆனால் மேடையேறி ஒப்பிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவள் வயதில் இரண்டு சிநேகிதிகள் கிடைத்தால் போதும்.

“நாங்க யாரையும் அப்படி நினைக்கறதில்லையே?”

நினைக்கிறோம். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

ஜங்புரா பக்கம், பாராபுல்லா வாய்க்கால் கரையில் மதராசி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள், டிரைவர்கள், கூலித் தொழிலாளிகள், பெரும்பாலும் தமிழர்கள். 2025 ஜூன் 1 அன்று, டெல்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு நகரத்தின் மறுகோடியில், நரேலாவில் வீடு என்றார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த வாரம் நடுத்தர வர்க்கத் தமிழர் கூடிய ஓர் இடத்தில் “அவங்க வேற டீச்சர், நம்ம மாதிரி வேலைக்கு வந்தவங்க இல்லை” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அவர்களும் வேலைக்கு வந்தவர்கள்தான். சொன்னவர் வீட்டுப் பாத்திரத்தையே அவர்களில் ஒருவர் கழுவிக்கொண்டிருந்திருக்கலாம். மதராசி என்று தன்னை அழைத்தால் குமுறுகிறவருக்கு, மதராசி கேம்ப்பில் இருப்பவர் அந்நியராகிவிட்டார். கீழே தள்ளப்பட்ட குழுவுக்குள்ளேயே இன்னொரு கோடு கிழித்து, “அந்த மதராசி நான் இல்லை” என்று காட்டிக்கொள்வது, மேலே சொன்ன நழுவும் வழியின் இன்னொரு முகம்.

வடகிழக்கு மாநிலத்தவரைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது எப்படி? 2014 ஜனவரியில் லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்து இளைஞர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவர் உயிரைப் பறித்தது. அதன் பிறகு மத்திய அரசு பெஸ்பருவா தலைமையில் குழு அமைத்து, வடகிழக்கு மக்கள் நகரங்களில் படும் பாட்டை விசாரித்தது. அந்தச் செய்தியைப் படித்து உச்சுக் கொட்டிய அதே வீட்டில், மாடியில் குடியிருக்கும் மணிப்பூர்ப் பெண்கள் சமைக்கும் வாசனையைப் பற்றி முகம் சுளித்தும் பேசுகிறோம். நம் கருவாட்டுக்கும் சாம்பாருக்கும் இதே முகச்சுளிப்பை வாங்கியவர்கள் நாம்.

தமிழ்நாட்டுப் பக்கமும் பாருங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். தமிழ்நாடு போலீஸ் அவை போலி என்றது. பீகாரிலிருந்து அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். வேறெங்கோ நடந்த சண்டையின் வீடியோ அத்தனை எளிதாக நம்பப்பட்டதற்கு இரண்டு பக்கத்திலும் தயாராக இருந்த முத்திரைகள் காரணம். “வடக்கன்” என்று எரிச்சலோடு பேசுவதை அந்தத் தொழிலாளர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அதனால் அவர்களுக்கு நம்ப முடிந்தது.

“அனுபவத்துல கண்டதைத்தானே சொல்றோம்? பொய்யா சொல்றோம்?”

கண்டது உண்மை. கண்ணில் பட்டது யார் என்பதை யோசிக்க வேண்டும். டெல்லிக்காரர் பல காலம் பார்த்த தமிழர், போட்டித் தேர்வில் தேறி மத்திய அரசு வேலைக்கு வந்தவர். தேறாதவர் ஊரிலேயே தங்கிவிட்டார். அவரை டெல்லி பார்க்கவில்லை. “மதராசின்னா படிப்பாளி, ஃபைலை விட்டு நகராதவர்” என்ற பிம்பம் அங்கிருந்து வருகிறது. திருப்பூர்க்காரர் பார்க்கும் பீகாரி கூலி வேலைக்கு வந்தவர்; முகர்ஜி நகரில் ஐஏஎஸ் பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கும் பீகாரியை அவர் பார்த்ததில்லை. சல்லடையில் தங்கியதை வைத்து மூட்டை முழுவதையும் எடைபோடுகிறோம்.

இன்னொன்று, முத்திரையே ஆட்களை அந்த இடத்தில் நிறுத்திவிடும். சுக்தேவ் தோரட், பால் ஆட்வெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்த்திக்கொண்ட சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கூப்பிடாத ஆபீசில் அவர்கள் எப்படி இருப்பார்கள்? பிறகு அந்த ஆபீஸ்காரர், “எங்ககிட்ட அவங்க யாரும் மேல வரலையே” என்று அனுபவத்தைச் சொல்வார். அதுவும் பொய்யாக இருக்காது.

“ஒரு வார்த்தையை நினைவூட்டினாலே மார்க் குறையும்னு யூடியூப்ல சொல்றாங்களே, உண்மையா?”

அதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் ஸ்டீல், ஆரன்சன் இருவரும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களிடம் “இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு” என்று சொல்லிவிட்டுக் கொடுத்தபோது மதிப்பெண் குறைந்தது. “சும்மா ஒரு பயிற்சி” என்றபோது அந்தக் குறைவு காணாமல் போனது. பெரும் பெயர் பெற்ற ஆய்வு. பின்னால் வேறு இடங்களில், குறிப்பாகப் பெண்களையும் கணக்கையும் வைத்துப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது சிலவற்றில் விளைவு மிகச் சிறிதாக இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. எனவே ஒற்றை வார்த்தைக்கு மந்திர சக்தி இருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அதுவே வேண்டாத பயத்தைக் கிளப்பும். தினமும் நடத்தப்படும் விதம், வாய்ப்புக் கொடுப்பது, மறுப்பது ஆகியவற்றின் கனம் வேறு.

“எல்லாரும் ஒண்ணாப் படிச்சா சரியாயிடுமா?”

ஒன்றாக உட்கார வைத்தால் மட்டும் ஆகாது. ஒன்றாக வேலை செய்தால் ஆகிறது. 1954-இலேயே கார்டன் ஆல்போர்ட் இதற்கு நிபந்தனைகள் சொன்னார்: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு.

அதற்கு நம் டெல்லியிலேயே நல்ல சான்று இருக்கிறது. அரசிடம் சலுகை விலையில் நிலம் வாங்கிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற விதி 2007-இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு கல்வி உரிமைச் சட்டம் 25 சதவீதம் என்றது. “எங்க பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போகும்” என்று வசதியான பெற்றோர் கொதித்தார்கள். கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அந்தப் பள்ளிகளில் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகள் கூடுதல் தாராளமாக நடந்துகொண்டார்கள். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஏழை என்பதற்காக நன்றாக ஓடுகிறவனை ஒதுக்குவது குறைந்தது. படிப்பில் பெரிய பாதிப்பு இல்லை. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழு பிரிப்பார்கள். அதில் ஓர் ஏழைப் பிள்ளை தற்செயலாகத் தன் குழுவில் வந்துவிட்டால் விளைவு இன்னும் பலமாக இருந்தது. உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை. ரோல் நம்பர் பக்கத்தில் வந்தது போதும்.

எதிராளியாக நிறுத்தினால் பலன் தலைகீழ். மேட் லோ என்பவர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைச் சேர்த்து, சிலரை ஒரு மாதக் கிரிக்கெட் லீகில் ஆட வைத்தார். வேறு சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதியினரை எதிரணியாகச் சந்தித்தவர்களிடம் உறவு பெரும்பாலும் குறைந்தது. எனவே குடியிருப்பு விழாவில் “சவுத் இண்டியன் வெர்சஸ் நார்த் இண்டியன்” என்று மேட்ச் வைக்காதீர்கள். கலந்து பிரியுங்கள்.

“ஐஏஎஸ் கோச்சிங்குக்கு ஓல்டு ராஜேந்தர் நகர் வந்திருக்கேன். இந்தி தெரியாததால கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கறேன். இன்டர்வியூல என்ன ஆவேனோ?”

தம்பி, மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்வையும் தமிழில் கேட்டு வாங்கலாம். அது உனக்கு உள்ள உரிமை. கோச்சிங்கில் நூறு பேர் முன்னால் முதல் கேள்வியைக் கேட்க வேண்டாம். வகுப்பு முடிந்து ஆசிரியரிடம் தனியாகக் கேள். பிறகு தமிழ் மட்டும் பேசும் அறையில் அடைந்துவிடாமல், ஒரு மலையாளி, ஒரு பீகாரி, ஓர் ஒடியாக்காரர் என்று நாலு பேர் சேர்ந்து மாதிரி நேர்முகம் நடத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் ஆங்கிலத்தைப் பற்றி இதே பயம் இருப்பது இரண்டாம் நாளே தெரியும்.

“ஆசிரியர்களிடம் என்ன கேட்பது?”

நடைமுறையைக் கேளுங்கள்; மனம் மாறச் சொல்லிக் கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். எல்லாப் பிள்ளைக்கும் பதில் சொல்ல ஒரே அளவு நேரம் கொடுங்கள் என்று கேளுங்கள். விடைத்தாளைப் பெயர் மறைத்துத் திருத்த முடியுமா என்று கேளுங்கள். உதவித்தொகைப் பட்டியலைச் சாதிச் சான்றிதழோடு வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். இதை இன்னும் செய்யும் பள்ளிகள் இருக்கின்றன. இருக்கையை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். என் வகுப்பில் குழு வேலையை ரோல் நம்பர்படிதான் பிரிக்கிறேன். பிள்ளைகள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

“எல்லை மீறிப் போனால் எங்கே புகார் செய்வது?”

முதலில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, அருகில் இருந்தவர்கள். பிள்ளையிடம் ஒருமுறை மட்டும் நிதானமாகக் கேட்டு எழுதுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பள்ளி முதல்வருக்குக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதியின் பெயரால் பொதுப்பார்வையில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம். தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் இங்கேயே, கான் மார்க்கெட் பக்கத்தில் லோக்நாயக் பவனில் இருக்கிறது. கல்லூரி என்றால் சமவாய்ப்புப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்து அழுதால் புகார் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் தமிழ் தெரிந்தவரை இணைப்பார்கள்.